நூற்றுத் தொண்ணூறு

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டதால்
கூட்டம் முக்கால் மணி நேரம் தாமதம்.
டாக்டர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்,
நடுவில் நாற்பத்திரண்டு பெட்டிச் சரக்கு ரயில்.
முந்தாநாள் நாங்கள் ஏற்றிய அரிசிதான்
எங்களையே மறித்துக்கொண்டு நின்றது.

குறிப்பேடு எழுதுவது நான்.
தேதி போட்டேன். வருகை அறுபத்தேழு.
பொருள்: பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம்.
'நலம்' எழுதும்போது இருமல் வந்து
ள-வா ல-வா என்று தெரியாமல்
பேனா கீழே இழுத்துக்கொண்டு போனது.
அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

தலைவர் பேசினார்.
மூட்டை நாற்பது கிலோ என்கிறது காகிதம்;
தைப் பனியில் ஊறிய மூட்டைக்குக்
காகிதம் படிக்கத் தெரியாது என்றார்.
தட்டினோம்.
போன வருஷம் ஆலை கொடுத்த முகக்கவசம்
என்ன ஆச்சு என்று கேட்டார் டாக்டர்.
ஆளுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று.
தெட்சிணாமூர்த்தி எழுந்து,
தன்னுடையதில் டீசல் வடிகட்டுவதாகவும்
நன்றாகவே வடிகட்டுவதாகவும் சொன்னார்.

நர்ஸ் அமலோற்பவம் பையிலிருந்து
வெள்ளைக் குழாய் ஒன்றை எடுத்தார்.
ஓரத்தில் எண்கள், ஒரு சிவப்பு முள்.
"நெஞ்சு நெறைய இழுத்து, ஒரே ஊது."

முதலில் வைரக்கண்ணு என்றது கூட்டம்.
வேறு யார்?
முப்பது வருஷ முழக்கமும்
அவர் தொண்டையில் பிறந்ததுதான்.
வெண்ணாற்றுப் பாலத்தில் அவர் 'உயர்த்து' என்றது
கொரடாச்சேரியில் கேட்டது என்பார்கள்.
பொய். நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊதினார்.
முள் கொஞ்சம் எழுந்து
நூற்றுத் தொண்ணூறில் உட்கார்ந்தது.
"ஒங்க ஒயரத்துக்கு ஐநூறு வரணும்ணே."
மெதுவாகத்தான் சொன்னார் அமலோற்பவம்,
கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்த நேரம்.
மிஷின் சரியில்லை என்றார் வைரக்கண்ணு.
இன்னொரு தரம். நூற்றெண்பது.
தராசுக்கு அடியில் கல் ஒட்டியிருக்கிறதா என்று
பார்க்கிற மாதிரி
குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

பிறகு எல்லோரும் ஊதினோம்.
பாய்லர் பக்கிரிசாமி, சைலோ அபுதாகிர்,
முந்நூறைத் தொட்டவன் புதுப் பையன் ஒருவன்தான்;
சேர்ந்து நாலு மாதம்.
எனக்கு எவ்வளவு என்பதை எழுதப்போவதில்லை.

டீ கொண்டுவந்த செங்கமலம்
தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு
"நானும் ஊதலாமா?" என்றாள்.
தவிட்டுக் கூடம் கூட்டுகிறவள், பதினோரு வருஷம்.
ஒப்பந்தக்காரர் ஆள். எங்கள் பதிவேட்டில் பேர் இல்லை.
நூற்றிருபது.
"அடுப்பூதுனவளுக்கு இதுகூட வரலியே" என்று சிரித்தாள்;
சிரிப்பு இருமலாகி
இருமல் அடங்குவதற்குள்
டீ ஆறிவிட்டது.

தவிட்டுக் கூடத்துக்குத் தூசி உறிஞ்சி வேண்டும் என்பது
மூன்று வருஷமாகக் கடைசித் தீர்மானம்.
'நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது'
மூன்று முறையும் என் கையெழுத்து.
அங்கே வேலை பார்ப்பதெல்லாம் பொம்பளைங்க,
மொதல்ல போனஸ் என்று சொன்னவர்
இப்போது குழாயைக் கையில் வைத்திருப்பவர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"அதை ஒண்ணாம் நம்பராப் போடு" என்றார்.
போட்டேன்.
வருகையையும் திருத்தினேன்: அறுபத்தெட்டு.
விதிப்படி செல்லாது என்றார் பொருளாளர்.
செல்லாததாகவே இருக்கட்டும் என்றேன்.

முடிவில் முழக்கம்.
பழக்கத்தில் எல்லா முகமும் அவர் பக்கம் திரும்ப,
கையை உயர்த்தினார்.
"தொழிலாளர்..."
அங்கே ஒரு மூச்சு வாங்கினார்.
முன்பும் அங்கே வாங்கியிருப்பார் போல,
எங்கள் சத்தத்தில் கேட்டதில்லை.
அறுபத்தேழு பேரும் காத்திருந்தோம்.
கேட் மறுபடி விழும் மணி
அந்த இடைவெளியில்
நன்றாகக் கேட்டது.